பழைய கதை எதற்கு என்று கேட்கும் புதிய வாக்காளருக்கு

கேள்வி: நான் மதுரைக்காரன். பல ஆண்டுகளாக அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில் ராலே நகருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. குடியுரிமைத் தேர்வுக்காக அந்த நூறு கேள்விகளையும் மனப்பாடம் செய்தேன். ஆறு பதில் சரியானதுமே அதிகாரி போதும் என்று நிறுத்திவிட்டார். இப்போது முதல்முறையாக ஓட்டுப் போடப் போகிறேன். என் மகள் இங்கேயே பிறந்தவள், எட்டாம் வகுப்பு. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலம் பற்றிப் பள்ளியில் ஒரு ஒப்படைப்பு கொடுத்திருக்கிறார்கள். "எலெக்‌ஷன்ல ஜெயிச்சவங்கள எப்படிப்பா துரத்த முடிஞ்சது?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் ஆர்வமும் இல்லை. இன்றைய ஜனநாயகத்தின் சிக்கல் பணம், சமூக ஊடகம், பொய்ச்செய்தி. நூறு, நூற்றைம்பது வருடப் பழைய கதை இதில் எதற்கு உதவும்? அதுவும் அது அவர்களுடைய கதைதானே? எந்தக் கட்சிக்குப் போடலாம் என்று முடிவெடுக்கவாவது அது பயன்படுமா?

பதில்:

நீங்கள் கேட்டவை எல்லாவற்றையும் விட உங்கள் மகள் கேட்டதுதான் கனமான கேள்வி. எம்.ஏ. மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு என்ற தாளைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். போர் தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, லிங்கன் சுடப்பட்ட தேதி என்று எல்லாவற்றையும் ஒப்பிப்பார்கள். ஜெயித்தவர்களை எப்படித் துரத்தினார்கள் என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை, வினாத்தாளிலும் வந்ததில்லை. அதனால் அவளுக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன். அந்தச் சம்பவம் நடந்ததும் உங்கள் மாநிலத்தில்தான். ராலேயிலிருந்து வில்மிங்டனுக்குக் காரில் இரண்டு மணி நேரம். கடற்கரைக்குப் போகிறவர்கள் கடந்து போகும் ஊர்.

1898-ல் வட கரோலினாவிலேயே பெரிய நகரம் வில்மிங்டன். துறைமுக ஊர். மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். ஒரு தலைமுறைக்கு முன்புவரை அடிமைகளாக விற்கப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே நகர மன்ற உறுப்பினர்களாக, காவலர்களாக, கடைக்காரர்களாக இருந்தார்கள். துறைமுகத்தின் சுங்க அதிகாரி கறுப்பர். 'டெய்லி ரெக்கார்ட்' என்ற நாளிதழை அலெக்சாண்டர் மேன்லி என்ற கறுப்பர் நடத்தினார். மாநில அளவில், ஏழை வெள்ளை விவசாயிகளின் பாப்புலிஸ்ட் கட்சியும் கறுப்பர்கள் ஆதரித்த குடியரசுக் கட்சியும் கூட்டு சேர்ந்து 1894-ல் சட்டமன்றத்தைப் பிடித்திருந்தன. 1896-ல் ஆளுநர் பதவியும் குடியரசுக் கட்சிக்குப் போனது. கூட்டணிக் கணக்கை ஒரு தமிழ்நாட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு ஓட்டும் சேர்ந்திருக்கும்வரை பழைய பெரிய மனிதர்களின் கட்சி எழுந்திருக்க முடியாது.

அந்தக் கட்சி, அதாவது அன்றைய ஜனநாயகக் கட்சி, கூட்டை உடைக்க நிறத்தை எடுத்தது. பிரசாரத்துக்குப் பொறுப்பு ஃபர்னிஃபோல்ட் சிம்மன்ஸ். ஜோசஃபஸ் டேனியல்ஸ் நடத்திய 'நியூஸ் அண்ட் அப்சர்வர்' என்ற ராலே நாளிதழ் கறுப்பர்களால் வெள்ளைப் பெண்களுக்கு ஆபத்து என்று வாரக்கணக்கில் எழுதியது, முதல் பக்கத்தில் கேலிச்சித்திரங்கள் போட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வெள்ளை விவசாயிக்கும் படம் புரியும், அல்லவா? படிப்பவர்களுக்குப் பத்திரிகை, படிக்காதவர்களுக்குப் படம், இரண்டுக்கும் மசியாதவர்களுக்குத் துப்பாக்கியோடு குதிரையில் சுற்றும் சிவப்புச் சட்டைக்காரர்கள் என்று பங்கு பிரித்து வேலை செய்தார்கள். சமூக ஊடகம், பொய்ச்செய்தி என்று எழுதியிருந்தீர்களே, கைபேசி வந்துதான் இது பிறந்தது என்றில்லை.

நவம்பர் 8 அன்று நடந்த மாநிலத் தேர்தலில் மிரட்டியும் மோசடி செய்தும் ஜெயித்தார்கள். ஆனால் வில்மிங்டன் நகர மன்றத்துக்கு அன்று தேர்தலே இல்லை. அதன் பதவிக்காலம் முடிய இன்னும் மாதங்கள் இருந்தன. அதுவரை காத்திருக்க அவர்களுக்கு மனமில்லை. நவம்பர் 10 காலை ஆயுதம் ஏந்திய கூட்டம் மேன்லியின் அச்சகத்துக்குத் தீ வைத்தது. பிறகு தெருக்களில் கறுப்பர்களைச் சுட்டது. செத்தவர்கள் 14 பேர் என்பதிலிருந்து 60-க்கு மேல் என்பதுவரை பல மதிப்பீடுகள் உண்டு. குடும்பங்கள் பிள்ளைகளோடு சதுப்புக் காட்டில் போய் ஒளிந்தன.

அன்று மாலை நடந்ததைத்தான் உங்கள் மகள் ஒப்படைப்பில் எழுத வேண்டும். மேயரையும் நகர மன்ற உறுப்பினர்களையும் கூட்டி வைத்து, ஒருவர் ராஜினாமா செய்வார், அந்த இடத்துக்கு மீதியிருப்பவர்கள் இன்னொருவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அப்புறம் அடுத்தவர் ராஜினாமா என்று வரிசையாக நடத்தினார்கள். வெளியே துப்பாக்கிக் கூட்டம். உள்ளே விதிப்படி கூட்டம், விதிப்படி தீர்மானம். காலையில் கும்பலுக்குத் தலைமை தாங்கிய ஆல்ஃபிரட் வாடெல் மாலையில் மேயர். கறுப்பர் தலைவர்களையும் அவர்களோடு நின்ற வெள்ளையர்களையும் ரயிலேற்றி ஊரைவிட்டு அனுப்பினார்கள். வாஷிங்டனில் இருந்த ஜனாதிபதி மெக்கின்லி படை அனுப்பவில்லை. ஒருவருக்கும் தண்டனை இல்லை. கறுப்பர்கள் கலகம் செய்தார்கள், வெள்ளையர் அடக்கினார்கள் என்றே பல தலைமுறைகள் படித்தன. மாநிலம் அமைத்த ஆணையம் நடந்தது என்ன என்று முழு அறிக்கையாக எழுதியது 2006-ல்தான். அந்த அறிக்கையை மகளுக்குத் தேடிக் கொடுங்கள். எட்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் கடினம்தான், நீங்கள் கூட உட்கார்ந்தால் ஓடும்.

துப்பாக்கியால் ஒரு நகர மன்றத்தைக் கவிழ்க்கலாம். ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கி தூக்க முடியாது, வெளியில் பெயரும் கெடும். அதனால் 1900-ல் மாநில அரசமைப்பில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஓட்டுரிமை வேண்டுமென்றால் அரசமைப்பின் எந்தப் பகுதியைக் காட்டினாலும் ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் வேண்டும், தலைவரி கட்டியிருக்க வேண்டும். படித்தானா இல்லையா என்று தீர்மானிப்பவர் பதிவு மேசையில் இருக்கும் அலுவலர். படிக்கத் தெரியாத வெள்ளையர்களுக்கும் ஒரு வாசல் திறந்துவைத்தார்கள்: 1867 ஜனவரி 1 அன்று உங்களுக்கோ உங்கள் முன்னோருக்கோ ஓட்டுரிமை இருந்திருந்தால் தேர்வு வேண்டாம். அந்தத் தேதியில் தென் மாநிலக் கறுப்பர்களுக்கு ஓட்டு இல்லை. அவர்களுக்கு ஓட்டுக் கொடுத்த சட்டம் வந்தது சில வாரங்கள் கழித்து, அதே ஆண்டு மார்ச்சில். தேதியை எவ்வளவு யோசித்துப் பொறுக்கியிருக்கிறார்கள் பாருங்கள். திருத்தம் முழுவதிலும் கறுப்பர்களை விலக்கு என்று ஒரு சொல்கூடக் கிடையாது.

இந்த வித்தையை முதலில் அரங்கேற்றியது 1890-ல் மிசிசிப்பி. ஒவ்வொரு தென் மாநிலமாகப் பின்தொடர்ந்தது. லூசியானாவில் 1896-ல் பட்டியலில் இருந்த கறுப்பு வாக்காளர்கள் 1,30,334 பேர். புதிய அரசமைப்பு வந்தபின் 1900-ல் 5,320. 1904-ல் 1,342. ஏழை வெள்ளையரிலும் ஏராளமானோர் தலைவரி கட்ட முடியாமல் ஓட்டை இழந்தார்கள். பாப்புலிஸ்ட் கட்சி அங்கே அதன்பிறகு எழவில்லை. கூட்டணியின் இரண்டு காலையும் ஒரே வெட்டில் வெட்டியாயிற்று.

நீதிமன்றம் என்ன செய்தது? 1898 ஏப்ரலில் மிசிசிப்பி வழக்கில், சட்டத்தின் வாசகத்தில் இனம் என்ற பேச்சே இல்லை, ஆகவே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 1903-ல் அலபாமாவிலிருந்து ஜாக்சன் கைல்ஸ் என்ற கறுப்பர் வந்தார். அங்கே பதிவு முறையே மோசடி, என் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டார். நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு சுருக்கமாக இதுதான்: முறையே மோசடி என்கிறீர்கள், அப்படியானால் அந்தப் பட்டியலில் உங்கள் பெயரை மட்டும் சேர்த்து என்ன ஆகப்போகிறது? இது அரசியல் அநீதி, அந்த மாநில மக்களிடமோ அரசிடமோ போய் நிவாரணம் கேளுங்கள். ஓட்டே இல்லாதவனைப் பார்த்து ஓட்டுப் போட்டு மாற்றிக்கொள் என்கிறார். இந்தத் தீர்ப்பை வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவர் சிரிப்பார். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

இதற்கெல்லாம் இடம் கொடுத்த இடைவெளி சட்டத்தில் முதலிலிருந்தே இருந்தது. உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்ததும் மூன்று சட்டத்திருத்தங்கள் வந்தன. 13-வது அடிமை முறையை ஒழித்தது. 1868-ன் 14-வது, பிறப்பால் குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் தந்தது. 1870-ன் 15-வது, இனத்தின் பேரால் ஓட்டை மறுக்கக் கூடாது என்றது. சில ஆண்டுகளுக்கு அது நிஜமாகவே வேலை செய்தது. உங்கள் மாநிலத்து ஃபயட்வில் ஊரில் பிறந்த ஹைரம் ரெவல்ஸ் 1870-ல் மிசிசிப்பி சார்பில் செனட்டில் உட்கார்ந்தார். அந்தச் சபையின் முதல் கறுப்பர் அவர்தான். தென் கரோலினாவின் கீழ்ச் சபையில் கறுப்பர்களே பெரும்பான்மை. அங்கே அரசுப் பள்ளிகளுக்கு அடித்தளம் போட்டதும் அந்தக் காலத்து அரசமைப்புதான்.

ஆனால் 15-வது திருத்தம் எதற்கெல்லாம் தடை போட்டது என்று நிதானமாகப் படியுங்கள். எல்லாக் குடிமக்களுக்கும் ஓட்டு உண்டு என்று அது சொல்லவில்லை. இன்ன காரணத்துக்காக மறுக்காதே என்கிறது, அவ்வளவுதான். படிப்பு, சொத்து, பிறந்த நாடு போன்ற காரணங்களையும் தடுக்கும் விரிவான வாசகம் ஒன்று 1869-ல் செனட்டில் நிறைவேறவே செய்தது. பிறகு கைவிடப்பட்டது. ஏன்? மாசசூசெட்சும் கனெக்டிகட்டும் ஐரிஷ் குடியேறிகளை ஒதுக்க எழுத்தறிவுத் தேர்வு வைத்திருந்தன. கலிஃபோர்னியா சீனர்களுக்கு ஓட்டுக் கிடைத்துவிடும் என்று பயந்தது. அடிமை முறையை எதிர்த்துப் போரிட்ட வட மாநிலங்கள் தங்கள் வசதிக்காக விட்டுவைத்த இடைவெளியில்தான் இருபது ஆண்டு கழித்து மிசிசிப்பி நுழைந்தது. தெற்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அமெரிக்க வரலாற்றை உரிமைகள் படிப்படியாக விரிந்த கதையாகச் சொல்வது வழக்கம். குடியுரிமைத் தேர்வின் கேள்விப் பட்டியலும் அப்படித்தான் தோன்ற வைக்கும். ஓட்டுரிமை பற்றி நான்கு சட்டத்திருத்தங்கள் உள்ளன, ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஒரு கேள்வி வருமே, ஞாபகம் இருக்கிறதா? 1870, 1920, 1964, 1971 என்று வரிசையாக அடுக்கினால் படிக்கட்டு மாதிரிதான் தெரியும். உண்மையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிய சம்பவங்கள் அதில் ஏராளம். நியூ ஜெர்சியில் 1776-லேயே சொத்துள்ள பெண்களுக்கும் சுதந்திரமான கறுப்பர்களுக்கும் ஓட்டு இருந்தது. 1807-ல் ஒரு சட்டம் போட்டுப் பறித்தார்கள். பெண்கள் மறுபடி ஓட்டுச் சாவடிக்குள் நுழைய நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. உங்கள் மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் ஜார்ஜ் வைட், அந்தக் காலத்தில் தெற்கிலிருந்து வந்த கடைசிக் கறுப்பர். 1901-ல் இது தற்காலிக விடைபெறல்தான், ஃபீனிக்ஸ் பறவை மாதிரி திரும்பி வருவோம் என்று பேசிவிட்டுப் போனார். வட கரோலினா அடுத்த கறுப்பு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது 1992-ல். வைட்டின் அந்த உரையையும் மகளிடம் கொடுங்கள்.

பறிபோனதை மீட்டது யார்? இதிலும் உங்கள் பக்கத்து ஊர்கள்தான். 1959-ல்கூட வட கரோலினாவின் எழுத்தறிவுத் தேர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பு மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் ராலேயின் ஷா பல்கலைக்கழகத்தில் எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண்மணி கூட்டிய கூட்டத்தில் மாணவர் அமைப்பு ஒன்று பிறந்தது. அந்த இளைஞர்கள் மிசிசிப்பி, அலபாமா கிராமங்களுக்குப் போய் மக்களைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஃபேனி லூ ஹேமர் என்ற பண்ணைக் கூலிப் பெண் 1962-ல் அப்படிப் பதியப் போனார். அதற்காக, பல ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றே வெளியேற்றப்பட்டார். 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா ஊர்ப் பாலத்தில் ஊர்வலக்காரர்களைக் காவலர்கள் அடித்தது தொலைக்காட்சியில் நாடு முழுக்கத் தெரிந்தது. ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. மிசிசிப்பியில் பதிவு செய்த கறுப்பர்கள் 6.7 சதவீதத்திலிருந்து இரண்டே ஆண்டில் 59.8 சதவீதம் ஆனார்கள். அந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒரு நடைமுறை விதி: மோசமான பழைய வரலாறு உள்ள இடங்கள் தேர்தல் விதி எதையும் மாற்றும் முன் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் மாநிலத்தின் 100 கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 40 அந்தப் பட்டியலில் இருந்தன.

சரி, இனி உங்கள் கேள்விகள். அவர்களுடைய கதைதானே என்கிறீர்கள். 1790-ன் முதல் குடியுரிமைச் சட்டம், சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும் என்றது. 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர் அவர். சாதாரண மனிதனின் பார்வையில் இந்தியர் வெள்ளையர் அல்ல என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அது திரும்பப் பிடுங்கப்பட்டது. 1946-ல்தான் இந்தியர்களுக்குக் கதவு திறந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்ற அளவில். நாட்டு வாரியான அந்தப் பழைய ஒதுக்கீட்டை உடைத்த குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபரில் வந்தது. வாக்குரிமைச் சட்டத்துக்கு இரண்டு மாதம் கழித்து, அதே ஜனாதிபதி ஜான்சனின் கையெழுத்தில், அதே அலையில். செல்மா பாலத்தில் அடி வாங்கியவர்கள் இல்லாமல் மதுரையிலிருந்து நீங்கள் போய் இறங்கிய அமெரிக்கா இல்லை.

உங்கள் மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு முன்பே அவள் குடிமகள். காரணம் 14-வது திருத்தத்தின் முதல் வாக்கியம். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக எழுதிய அந்த வாக்கியம் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க்குக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1898 மார்ச்சில். மேலே சொன்ன மிசிசிப்பித் தீர்ப்பு அதே நீதிமன்றத்தில் அடுத்த மாதமே வந்தது. 14-வது திருத்தத்தின் ஒரு பகுதியைத் தாராளமாக வாசித்த கை, அதன் இன்னொரு பகுதியைக் கஞ்சத்தனமாக வாசித்தது. 2025 ஜனவரியில் பிறப்புக் குடியுரிமையைக் குறுக்கும் ஜனாதிபதி ஆணை வந்ததும் நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் எடுத்து வைத்து வாதாடியது இந்த வாங் கிம் ஆர்க் தீர்ப்பைத்தான். விசாவில் இருக்கும் உங்கள் சக ஊழியர்கள் எத்தனை பேருக்கு இது வீட்டுப் பிரச்சினை என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இன்றைய சிக்கலுக்கு என்ன உதவி என்பது அடுத்தது. ஜனநாயகத்துக்கு ஆபத்து என்றால் நாம் மேடையில் இருக்கும் தலைவரைத்தான் பார்க்கிறோம். இந்த வரலாறு பார்வையைக் கீழே இறக்கும். பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள், எந்தத் தேதி கடைசி, தொகுதிக் கோட்டை யார் வரைகிறார்கள், எண்ணிய கணக்கில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று தேடச் சொல்லும். வாக்குரிமைச் சட்டத்தின் முன்னனுமதி விதி எந்த இடங்களுக்குப் பொருந்தும் என்ற பட்டியல் பழசாகிவிட்டது என்று 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ரத்து செய்தது. மழையில் நனையவில்லையே என்று குடையைத் தூக்கி எறிவது போன்றது இது என்று நீதிபதி கின்ஸ்பர்க் மறுத்து எழுதினார். இரண்டு மாதத்துக்குள் வட கரோலினா ஒரு தேர்தல் சட்டம் போட்டது. முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்கள் 17-லிருந்து 10 ஆயின, ஓட்டுப் போடும்போதே பதிந்துகொள்ளும் வசதி போனது, குறிப்பிட்ட அடையாள அட்டைகள் மட்டும் செல்லும் என்றானது.

அடையாள அட்டை கேட்பதில் என்ன தப்பு, நம் ஊரில் காட்டுகிறோமே என்று தோன்றும். நியாயமான கேள்விதான். நம் ஊரில் தேர்தல் ஆணையமே அட்டையைக் கொடுக்கிறது. அங்கே எந்த அட்டை செல்லும், எது செல்லாது என்பதில் விஷயம் இருந்தது. எந்த இனத்தவர் எந்த வசதியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற தரவைச் சட்டமன்றம் கேட்டு வாங்கியிருந்தது, அதற்குப் பிறகே வெட்டியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் கண்டது. ஏறக்குறைய அறுவைச் சிகிச்சைத் துல்லியத்தோடு கறுப்பர்களைக் குறிவைத்திருக்கிறது என்று எழுதி ரத்து செய்தது. 1900-ன் திருத்தத்தைப் படித்தவருக்கு இந்தத் தீர்ப்பில் புதிதாக எதுவும் இருக்காது. பின்னர் 2018-ல் வாக்காளர்களே ஒரு திருத்தத்தை ஏற்று, வேறொரு அடையாள அட்டைச் சட்டம் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. போகும்போது படத்தோடு கூடிய அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

எண்ணிக்கைக் கதை ஒன்று, சுருக்கமாக. 1876 ஜனாதிபதித் தேர்தலில் மூன்று தென் மாநிலங்களிலிருந்து இரண்டிரண்டு முடிவுகள் வாஷிங்டனுக்குப் போயின. எதை எண்ணுவது என்று சட்டத்தில் இல்லை. 15 பேர் குழு போட்டு, 8-க்கு 7 என்று ஹேய்ஸ் ஒரே ஒரு தேர்வாளர் ஓட்டில் ஜனாதிபதியானார். அப்போது கட்சிகளுக்குள் நடந்த பேரத்தின் முடிவில் தெற்கில் கறுப்பர்களைக் காத்த மத்தியப் படை ஒதுங்கிக்கொண்டது. இனி இப்படி ஆகக் கூடாது என்று 1887-ல் ஒரு சட்டம் போட்டார்கள், அதுவும் குழப்பமான நடை. 2021 ஜனவரி 6 அன்று துணை ஜனாதிபதி பென்ஸ் நினைத்தால் மாநில முடிவுகளைத் தள்ளிவிடலாம் என்று, தேர்தலில் தோற்ற டிரம்ப் தரப்பு வாதிட்டது அந்தக் குழப்பத்தைப் பிடித்துக்கொண்டுதான். பென்ஸ் மறுத்தார். 2022-ல் சட்டத்தைத் திருத்தி, துணை ஜனாதிபதிக்கு அப்படி அதிகாரம் இல்லை என்று எழுதினார்கள். 1876-ன் கிழிசலுக்கு 1887-ல் வைத்த தையல் 134 ஆண்டு கழித்துப் பிரிந்தது.

நம் ஆட்கள் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. 1949 ஜூனில் தேர்தல் ஆணையம் பற்றிய விவாதத்தில் அம்பேத்கர், சில மாகாணங்களில் வேறு இனத்தவர், வேறு மொழியினர் பெயர்களைப் பட்டியலில் சேர்க்காமல் விடும் புகார்கள் வருவதாகச் சொல்லி, தேர்தலை மாகாண அரசுகளின் கையிலிருந்து எடுத்து ஒரே ஆணையத்திடம் கொடுக்கச் செய்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், அமெரிக்காவில் மாநிலங்களிடம் விட்டதன் பலனை அறிந்தவர். அதனால்தான் உங்களுக்கு அங்கே இருக்கும் முறை விசித்திரமாகத் தெரியும். ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தேர்தல் வாரியம், மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி.

கட்சி விஷயத்தில் என்னால் உதவ முடியாது. 1898-ல் வில்மிங்டனைக் கவிழ்த்தது ஜனநாயகக் கட்சி, 2013-ல் அந்தச் சட்டத்தைப் போட்டது குடியரசுக் கட்சி. தொகுதிக் கோட்டைக் கட்சி லாபத்துக்காக வளைத்த வழக்கு 2019-ல் உச்ச நீதிமன்றம் போனபோது வட கரோலினாவில் வரைந்தது குடியரசுக் கட்சி, கூடவே வந்த மேரிலாண்ட் வழக்கில் ஜனநாயகக் கட்சி. இது மத்திய நீதிமன்றங்கள் தீர்க்கும் விஷயமல்ல என்று இரண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். கட்சிப் பெயரை வைத்து எதையும் எளிதாகத் தீர்மானித்துவிட முடியாது. வேட்பாளரிடம் கேட்பதானால், போன தேர்தலில் தோற்றிருந்தால் முடிவை ஏற்றிருப்பீர்களா, உங்கள் கட்சிக்கு நஷ்டம் வந்தாலும் தொகுதி வரையறையைப் பொது ஆணையத்திடம் கொடுப்பீர்களா என்று கேளுங்கள்.

மற்றபடி, பட்டியலில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று மாநிலத் தேர்தல் வாரியத்தின் தளத்தில் இப்போதே பாருங்கள். நம் பெயர்களில் முதல் பெயர், அப்பா பெயர் இடம் மாறிக் குழப்புவது வழக்கம்தானே. ஜனாதிபதித் தேர்தலோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மாநிலத்தில் பல ஊர்களின் நகர மன்றத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில் தனியாக வரும், சத்தமே இருக்காது. கவுண்டித் தேர்தல் வாரியத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஓட்டுகளைச் சரிபார்த்து அறிவிக்கும் நாளில் போனால் உள்ளே உட்கார்ந்தே பார்க்கலாம், மகளையும் அனுமதிப்பார்கள்.